ஊர்த் தெருவில் நின்றபடி

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து முட்டிக் கவசங்களை வெளியே எடுத்தார்.

"இது இன்னாப்பா, கிரிக்கெட்டா?"

மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கு என்றேன்.

"பைக் ஓட்ட முட்டிக்கு எதுக்கு?"

விழுவதற்கு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார். ஓமானிலிருந்து வருகிறவன் தங்கத்தை ஒளித்து வைத்திருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும்.

அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பம்புகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கூட வேலை செய்யும் ரமோன் பிலிப்பைன்ஸ்காரர். வெள்ளிக்கிழமை ஆனால் மலைக்குள் வண்டி ஓட்டக் கிளம்பிவிடுவார். அவருடையது ரோட்டிலும் ஓடும், ரோடு முடிந்த பிறகும் ஓடும் வகை. டூயல் ஸ்போர்ட் என்பார்கள். உயரமான சீட்டு, முன்னால் பெரிய கம்பிச் சக்கரம், கட்டை கட்டையாக வெட்டிய டயர். ஒருநாள் காய்ந்த ஆற்றுப் படுகையில் அதை என்னிடம் கொடுத்தார். கூழாங்கற்களில் வண்டி என்னை உலுக்கி எடுத்தது. ஓரத்தில் நின்று ரமோன் கத்தினார்: "எழுந்து நில்! முட்டியை லேசாக மடக்கு. வண்டி கீழே தன் பாட்டுக்கு ஆடட்டும், நீ ஆடாதே." ஃபுட்ரெஸ்ட் மேல் எழுந்து நின்றேன். உலுக்கல் நின்றது. தூரத்துப் பாதை முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த விடுப்பில் ஊரில் இப்படி ஒன்றை வாங்கிவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன்.

திண்டிவனம் தாண்டி பஸ் செஞ்சியை நெருங்கும்போது பாறைக் குன்றுகள் ஆரம்பிக்கும். யாரோ லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு அடுக்க மறந்த மாதிரி இருக்கும். ஓமானின் மலைகளும் இப்படித்தான் மொட்டையாக இருக்கும் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்ப இங்கயே இருந்திருக்கலாமே" என்றார் அவர்.

பஸ் ஸ்டாண்டில் பிரபு காத்திருந்தான். செஞ்சியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவனுக்கு நிலம் இருக்கிறது, மல்லாட்டை வியாபாரம் இருக்கிறது. நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். அவனுக்கும் வண்டிப் பைத்தியம். இரண்டு வருடமாக எந்த வண்டி வாங்கலாம் என்று வாட்ஸ்அப்பில் நானும் அவனும் பேசாத நாள் குறைவு. ஓமானில் என் அறையில் இருந்தவர்களுக்கு பிரபுவின் குரல் அத்துப்படி.

"மச்சான்! இன்னாடா இப்படிக் கறுத்துட்ட?" என்று கூட்டத்துக்கு நடுவே கட்டிப் பிடித்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பரோட்டா சாப்பிட்டோம். சால்னா ஓமானில் மலையாளிகள் ஊற்றுவதைவிட நாலு மடங்கு காரம். கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறினோம். அவலூர்பேட்டை ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போக வேண்டிய ஊர் எங்களுடையது. முதலில் ஊர்த் தெரு, கோயில், டீக்கடை, பால் சொசைட்டி. அதெல்லாம் தாண்டினால் எங்கள் காலனி. தெரு வழியாகப் போகாமல் காலனிக்கு வர வேண்டுமென்றால் ஏரிக்கரையைச் சுற்ற வேண்டும். அங்கே வேலிக்காத்தான் முள்ளும் சேறும்தான் பாதை.

தெருவில் இறங்கியதும் பிரபு சொன்னான், "சரி அன்பு, காலையில பாக்கலாம்." செஞ்சியில் மச்சான், ஊருக்குள் அன்பு. பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். அதை நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை.

மறுநாளிலிருந்து விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் அலைந்தோம்.

முதலில் பார்த்தது பெரிய வண்டி. முன்னால் கண்ணாடித் தடுப்பு, பின்னால் பெட்டி மாட்ட இரும்புச் சட்டம். ஷோரூமில் அதுதான் ராஜா மாதிரி நின்றது. பிரபுவுக்கு அதன் மேல் கண். நான் ஏறி உட்கார்ந்து லேசாகச் சாய்த்துப் பார்த்தேன். சாய்ந்த பிறகு அது என் பேச்சைக் கேட்கவில்லை. விற்பனையாளர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது வண்டியில் எல்லாம் ஸ்டிக்கரில் இருந்தது. மலைப் படம், பாலைவனப் படம். சக்கரம் மட்டும் சாதாரணம். "சார், இதுல இமயமலைக்கே போலாம்" என்றார் அங்கிருந்தவர். எங்கள் ஊர் ஏரிக்குள் போகுமா என்று கேட்டேன். "போவும் சார்... ஆனா வாரண்டியில வராது" என்றார்.

மூன்றாவது வண்டி மூலையில் தூசியோடு நின்றது. மெலிந்த உடம்பு, பலகை மாதிரி ஒடுங்கிய சீட்டு, சின்ன டேங்க், ஆளையே முட்டுகிற உயரம். அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விற்பனையாளர் என் கால்களைப் பார்த்தார். "சாரோட ஹைட்டுக்கு இது..." என்று இழுத்தார். ஏறி உட்கார்ந்தால் ஒரு கால்தான் தரையில் படுகிறது, அதுவும் விரல் நுனி. இன்னொரு கால் அந்தரத்தில்.

ரமோனுக்கு போன் போட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கீழே விழுந்தால் நீ ஒருவனாகத் தூக்க முடியுமா? முடிந்தால் வாங்கு. எப்போதும் உன்னோடு இன்னொருவன் இருக்க மாட்டான்."

வண்டியைத் தரையில் படுக்க வைக்கலாமா என்று விற்பனையாளரிடம் கேட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து பிரபு வெளியே போய்ச் சிரித்தான். கடைசியில் பின்பக்கம் சர்வீஸ் செய்யும் இடத்தில் பழைய ரப்பர் விரிப்பைப் போட்டு, டெஸ்ட் ரைடுக்கு வைத்திருந்த வண்டியைச் சாய்க்க விட்டார்கள். ஹேண்டில்பாரைத் திருப்பி, முதுகை வண்டிக்குக் கொடுத்து, பின்னுக்கு நடந்தேன். எழுந்துவிட்டது. மெக்கானிக்குகள் கை தட்டினார்கள். அதுதான் என் வண்டி.

வண்டி கைக்கு வந்த அன்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். ஹேண்டில்பாரில் ஒரு சாமந்தி மாலை. "மச்சான், ஊர் வரைக்கும் நான் ஓட்டட்டுமா?" என்று பிரபு கேட்டான். அவன் உயரம், இரண்டு காலும் தரையில் படும். இத்தனை நாள் கூடவே அலைந்திருக்கிறான். சாவியைக் கொடுத்துப் பின்னால் உட்கார்ந்தேன்.

ஊர்த் தெருவில் டீக்கடை முன்னால் நிறுத்தினான். ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"எப்ப எடுத்த பிரபு?"

"இப்பத்தாண்ணா, நேரா அங்கேருந்துதான் வரோம்."

"மல்லாட்டையில இந்த வாட்டி நல்ல லாபம் போல!"

பிரபு சிரித்தான். ஒருவர் ஹெட்லைட்டைத் தடவினார். இன்னொருவர் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். வண்டியின் பேப்பர்கள் இருந்த பையைக் கையில் பிடித்துக்கொண்டு நான் ஓரமாக நின்றேன். "அன்பு, நீ எப்ப வந்த?" என்று என்னிடம் கேட்டார்கள். பதில் சொன்னேன். பிரபு சொல்லுவான் என்று காத்திருந்தேன். டீ வந்தது. இப்போது எல்லாருக்கும் பேப்பர் கப்தான், யார் எதில் குடிக்கிறார்கள் என்ற கேள்வியே எழாது. குடித்து முடித்துக் கசக்கிப் போட்டேன். அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

காலனி முனையில் இறங்கி வண்டியை என்னிடம் கொடுத்தான். "கூட்டத்துல எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றான்.

"எதை?"

"இல்ல... சும்மாதான்."

வீட்டு வாசலில் அம்மா வண்டியை மேலும் கீழும் பார்த்தாள். "மாடு மாரி ஒசரமா இருக்குது. எப்படிடா ஏறுவ?" என்றாள். நைனா சுற்றி வந்து டயரை அழுத்திப் பார்த்தார். செயினைப் பார்த்தார். சீட்டின் மேல் கையை வைத்து, அந்த உயரத்தைத் தன் நெஞ்சோடு அளந்தார். "விழாம ஓட்டு" என்றார். இரண்டு பசு மாடுகளை வைத்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றிக் குடும்பத்தை நடத்துகிறவர் அவர். அதற்கு முன்னால் வாழ்நாளெல்லாம் பிறத்தியார் நிலத்தில் வேலை செய்தார். பிரபுவின் தாத்தா நிலத்திலும்.

அடுத்த நாள் ஏரிக்குள் இறங்கினேன். தண்ணீர் ஒரு மூலைக்கு ஒதுங்கி, மிச்ச இடம் வெடித்துக் கிடந்தது. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. மெதுவாக வட்டமடிப்பது, பின் பிரேக்கில் சக்கரத்தைச் சறுக்க விடுவது, மேட்டில் ஏறும்போது உடம்பை முன்னால் கொண்டுபோவது. மேலே காய்ந்து தெரிந்த இடத்துக்கு அடியில் களிமண் ஈரமாக இருந்தது. முன்சக்கரம் புதைந்தது, நான் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுந்தேன்.

கரையில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் கத்தினார்கள். நான் எழுந்ததும் சிரிக்க ஆரம்பித்தார்கள். "எழுந்துட்டான்டி! ஏம்பா, இப்படி விழுறதுக்கா வெளிநாடு போய்ச் சம்பாரிச்ச?" என்றாள் ஒருத்தி. முட்டிக் கவசத்தில் சேறு அப்பியிருந்தது, முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தினேன். கூப்பிட்டு, வேகவைத்த மல்லாட்டையைக் கை நிறையக் கொடுத்தார்கள். உப்பும் மண் வாசனையுமாகச் சுடச்சுட இருந்தது. இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டதிலேயே ருசியானது அதுதான்.

பிறகு இரண்டு மூன்று நாள் செஞ்சியைச் சுற்றியே ஓட்டினேன். அனந்தபுரம் பக்கம் வயல் வரப்புகளுக்கு நடுவே டிராக்டர் போகும் தடம். கோட்டைக்குப் பின்னால் குவாரிக்குப் போய் பாதியில் கைவிடப்பட்ட மண் பாதை. ராஜகிரியின் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி நிழலில் படுத்தேன். பெங்களூரிலிருந்து வந்த நாலு பேர் வண்டியோடு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். எந்த ஊர் என்றார்கள். இதே ஊர்தான் என்றேன். "கொடுத்து வைத்தவர்" என்றான் ஒருவன்.

ஓமானில் நான் யார் என்பது சட்டைப் பையில் இருக்கிற அட்டையில் எழுதியிருக்கும். கேட்டால் காட்டினால் போதும். அங்கேயும் எனக்கென்று கேம்ப் உண்டு, தனி பஸ் உண்டு, போகக்கூடாத இடம் உண்டு. அதைச் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்பந்தம் முடிந்தால் அந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

குடிநீர்க் குழாய் போடுவதற்காக ஊர்த் தெருவைத் தோண்டி, மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள். ஒருநாள் மழை பெய்து அது பள்ளமும் திட்டுமாக ஆகிவிட்டது. மறுநாள் காலையில் செஞ்சிக்குக் கிளம்பினேன். முதல் பள்ளம் வந்ததும் எழுந்து நின்றேன். யோசித்துச் செய்ததில்லை. ஒரு வாரமாகப் பழகிய உடம்பு தானாகச் செய்தது. சொசைட்டி, டீக்கடை, கோயில் திருப்பம், எல்லாம் தாண்டி மெயின் ரோடு வந்த பிறகுதான் உட்கார்ந்தேன். சொசைட்டி வாசலில் யாரோ என்னவோ சொன்ன மாதிரி இருந்தது. ஹெல்மெட்டுக்குள் கேட்கவில்லை.

அன்று பொழுது சாயும் நேரத்தில் பிரபு போன் செய்தான். காலனி முனையில் நிற்பதாகச் சொன்னான். வீட்டுக்கு வா என்றேன். "இல்ல, நீ வா" என்றான்.

மின்கம்பத்துக்குப் பக்கத்தில் தன் ஸ்கூட்டரிலிருந்து இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அன்பு, காலையில தெருவுல நின்னுகினு போனியாமே?"

"ரோடு அப்படி இருக்குது. உக்காந்து போனா இடுப்பு உட்டுப்போயிடும். எதுக்கு நிக்கறோம்னு உனக்கே தெரியுமேடா. நீதான எனக்கு அந்த வீடியோல்லாம் அனுப்பன?"

"எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியுமா?"

"நீ சொல்ல வேண்டியதுதான?"

கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சரி செய்தான். "கோயில் பக்கத்துல நிமிந்து நின்னுகினு போறான், வணக்கம்கூட வெக்கலன்றாங்க. காம்பவுண்டு செவுத்துக்கு மேல வீட்டுக்குள்ள எட்டிப் பாக்குறான், பொம்பளைங்க பொழங்குற எடம்ன்றாங்க. நான் இன்னான்னு சொல்றது?"

"அது உன் வண்டி இல்ல, என் வண்டின்னு அன்னிக்கே சொல்லியிருந்தா?"

அவன் எனக்கு நல்லதைச் சொல்கிற குரலில் சொன்னான்: "உன் வண்டிக்குத்தான் ரோடே வேணாமேடா. ஏரிக்கரையில சுத்திப் போயிடேன். உனக்கும் ஓட்ட ஜாலியா இருக்கும்."

அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். உண்மையாகவே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக அவன் நினைத்தான்.

வீட்டுக்கு வந்தால் அம்மா அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். நைனா மதியமே ஊர்த் தெருவில் இருக்கும் பெரிய வீட்டுக்குப் போய் வந்துவிட்டாராம். ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. "இன்னா ஏழுமல, பையன் ரொம்ப ஒசந்துட்டான் போல" என்றாராம். "தெரியாம செஞ்சிட்டானுங்க, இனிமே வராதுங்க" என்று நைனா சொல்லிவிட்டு வந்தாராம்.

"இன்னா தெரியாம? நான் இன்னா தப்பு செஞ்சேன் நைனா?"

அவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அம்மாதான் சொன்னாள்: "லீவு முடிஞ்சா நீ போயிடுவ. தெனம் பாலைத் தூக்கினு அந்தத் தெருவுல போறது நாங்கதான?"

அன்று கருவாட்டுக் குழம்பு. எனக்குப் பிடிக்கும் என்று வைத்தது. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு ஏரிக்கரையில்தான் போனேன், வந்தேன். முள் ஹெல்மெட்டில் கீறும். மழைக்கு ஒரு இடத்தில் கரை அரித்து, சக்கரம் வைக்கும் அளவுக்குத்தான் மண் மிச்சம் இருந்தது. அதில் முட்டியை மடக்கி நின்றபடி, ஒரே சீராக வண்டியை விட வேண்டும். நாளுக்கு நாள் நன்றாக ஓட்ட வந்தது. ஏரியில் மாதக்கணக்கில் பழகியிருந்தாலும் அந்தத் திறமை வந்திருக்காது. ஒருநாள் அதை வீடியோ எடுத்து ரமோனுக்கு அனுப்பினேன். "என்ன அருமையான பாதை! வீட்டு வாசலிலேயே இப்படி ஒன்றா!" என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு வண்டியைக் கரையிலேயே நிறுத்தி உட்கார்ந்துவிட்டேன். விற்றுவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

நைனாவிடம் சொன்னேன். "விக்கலாம், வெக்கலாம்" என்று முணுமுணுத்துவிட்டு, "நாளைக்குச் செஞ்சிக்குக் கண்ணு காட்டப் போவணும். உன் வண்டியில இட்டுனு போறியா?" என்றார். இத்தனை நாளில் அதில் ஏற்றச் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

பக்கத்தில் ஒரு கல்லைப் போட்டு ஏற்றினேன். என் தோளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஏரிக்கரையின் அரித்த இடத்தில் இறங்கி நடக்கச் சொன்னேன். அந்த இடம் வந்ததும் இறங்கினார். வேட்டியை முள் பிடித்துக் கிழித்தது. எடுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். மெயின் ரோட்டில் ஏறிய பிறகு குன்றுகள் தெரிந்தன. "இங்கேருந்து பாத்தா வேற மாரி தெரியுது" என்றார். பஸ்ஸில் எத்தனையோ தடவை பார்த்த அதே குன்றுகள்தான்.

கண்ணில் புரை வளர்கிறது, அவசரமில்லை என்றார்கள். கண்ணுக்கு மருந்து விட்டதில் அவருக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. டீயும் மசால் வடையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். ஊர் முனையில் ஏரிக்கரைக்குத் திரும்ப வண்டியை ஒடித்தேன்.

"நேராப் போ" என்றார்.

வண்டியை நிறுத்தினேன். "நைனா?"

"கண்ணு தெரியல எனக்கு. அந்தச் சேத்துல இறக்கிவிட்டு நடன்னா எப்படி நடப்பேன்? நேராப் போ."

தோளில் இருந்த கைகள் இறுகின.

தெருவில் உட்கார்ந்தபடிதான் ஓட்டினேன். பள்ளத்துக்குப் பள்ளம் வண்டி எங்களைத் தூக்கிப் போட்டது. கோயில் திருப்பத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். டீக்கடையில் பிரபு நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த போனைப் பார்க்க ஆரம்பித்தான். பெரிய வீட்டுக்காரர் சொசைட்டி வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தெரு முடிந்தது. வீட்டு வாசலில் இறங்கிய நைனா வண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றார். உயரமான சீட்டில் உட்கார்ந்தே வந்ததால் கால் மரத்துப்போய்விட்டது என்றார்.

மறுநாள் காலையில் சொசைட்டியில் எங்கள் பாலில் கருவியை விட்டுப் பார்த்துத் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார்கள். சாயங்காலமும் அதையே சொன்னார்கள். அதற்கு அடுத்த நாள் கருவியை விடவே இல்லை. "உங்க பாலு டெஸ்டுல நிக்கல, வேணாம்" என்றார்கள். அம்மா கேனைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். கொஞ்சம் அக்கம்பக்கத்தில் கொடுத்தோம், கொஞ்சம் தயிராக்கினோம், மிச்சத்தைக் கன்றுக்குட்டிக்கே விட்டோம்.

செஞ்சியில் எங்கள் காலனியிலிருந்து படித்து வக்கீலான அக்கா ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனேன். கோர்ட்டுக்கு எதிரே ஒரு கடையில் உட்கார்ந்து முழுதையும் கேட்டார். "அடிச்சாங்களா?" என்றார். இல்லை. "சாதிப் பேரைச் சொல்லித் திட்டினாங்களா?" இல்லை. "வண்டியை ஏதாவது பண்ணாங்களா?" தொடக்கூட இல்லை. "பால் டெஸ்ட்ல நிக்கலன்னு சொல்லிட்டாங்க, அவ்ளோதான?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "எழுதித் தரேன்டா, எழுதாம இருக்க மாட்டேன். ஆனா இதுக்கு நாள் ஆவும். உன் லீவு எத்தினி நாள் இருக்குது?" என்றார்.

லீவு கிட்டத்தட்ட முடிந்துவிட்டிருந்தது.

வண்டியை மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினேன். பேட்டரி இறங்காமல் இருக்க எப்போதாவது ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று நைனாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பொத்தானை அமுக்கியதும் வந்த சத்தத்துக்கு மாடு மிரண்டது. கிளம்பும் அன்று பிரபு பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. நான் ஓமானில் இறங்கிய பிறகு ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். "மச்சான், நம்ம வண்டியிலயே கம்பெனிக்காரன் சீட்டு ஒசரம் கம்மி பண்ணி வுட்டுருக்கான், பாத்தியா?" முழு வீடியோவையும் பார்த்தேன். சீட்டு உண்மையிலேயே தணிந்துதான் இருந்தது. பதில் எழுதவில்லை.

இப்போது நைனா தினமும் முதல் பஸ்ஸில் பால் கேனை ஏற்றிக்கொண்டு செஞ்சிக்குப் போகிறார். ஒரு ஓட்டல்காரர் எடுத்துக்கொள்கிறார். "சொசைட்டியவிட ரேட்டு கூடத்தான் குடுக்குறான். பஸ்ஸுலயே பாதி போயிடுது. கேனுக்குத் தனியா டிக்கெட்டு போடுறான் கண்டக்டரு" என்று போனில் சொன்னார். பஸ் ஏற அந்தத் தெரு வழியாகத்தான் நடக்க வேண்டும், கேனோடு. யாராவது ஏதாவது சொல்கிறார்களா என்று கேட்டேன். "ஒருத்தனும் பேசுறதில்ல" என்றார்.

பல நாள் மனதுக்குள் வைத்திருந்ததை அன்று கேட்டுவிட்டேன். "அன்னிக்கு ஏரிக்கரையிலயே போயிருக்கலாம், இல்ல நைனா?"

பின்னால் மாடு கத்துவது கேட்டது.

"அதில்லடா" என்றார். "இன்னும் கொஞ்சம் மெதுவாப் போயிருக்கலாம். தெரு பட்டுன்னு முடிஞ்சிபோச்சி."